திரையின் ஒரு பகுதியை மட்டும் வீடியோவாகப் பதிவு செய்வது எப்படி?

விரிதாளில் கூட்டல் சூத்திரம் போடுவதைச் சொல்லிக்கொடுக்க முதன்முதலாக ஒரு சின்ன வீடியோ பதிவு செய்தேன். முழுத் திரையையும் அப்படியே பதிந்திருந்தேன். என் மானிட்டரில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பார்த்தவரிடமிருந்து வந்த முதல் பதில் இது: "நீங்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது. ஆனால் எந்தக் கட்டத்தைச் சொல்கிறீர்கள் என்றுதான் தெரியவில்லை." அவர் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். மேசை மீதுள்ள பெரிய மானிட்டரை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் எண்கள் எறும்பு வரிசையாகத்தான் தெரியும்.

அந்த வீடியோவை நானே கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். கீழே பணிப்பட்டை, மேலே புக்மார்க் வரிசை, ஓரத்தில் சொந்தக் கோப்புகளின் பெயர்கள். பாடத்துக்குத் தேவையான பகுதி திரையில் கால்வாசிகூட இல்லை. மிச்சம் முக்கால்வாசியைப் பார்ப்பவர் தலையில் கட்டியிருந்தேன். அன்றிலிருந்து முழுத் திரைப் பதிவை அரிதாகத்தான் செய்கிறேன். தேவையான பகுதியை மட்டும் பதிவது கடினமான வேலை இல்லை. பெரும்பாலான கணினிகளில் அதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது.

முன்பே வெட்டுவதா, பிறகு வெட்டுவதா?

இரண்டு வழிகள் உண்டு. பதிவு செய்யும்போதே ஒரு சட்டகம் வரைந்து அதற்குள் இருப்பதை மட்டும் பதிவது ஒன்று. முழுத் திரையையும் பதிந்துவிட்டுப் பிறகு எடிட்டிங்கில் ஓரங்களை வெட்டுவது மற்றொன்று.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் பதிந்தால் மவுஸ் திரை முழுக்க அலையும். ஒரு பொத்தான் இடது மேல் மூலையில் இருக்கும், அடுத்தது வலது கீழ் மூலையில். கடைசியில் எந்தப் பக்கமும் வெட்ட முடியாமல் முழுத் திரையே மிஞ்சும். சட்டகத்தை முதலில் முடிவு செய்தால், சொல்ல வேண்டியதை அதற்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்வோம். பாதிப் பாடம் அதிலேயே ஒழுங்காகிவிடும். சட்டகத்துக்கு வெளியே திறந்திருக்கும் மின்னஞ்சலும் அரட்டையும் கோப்பில் ஏறவே ஏறாது என்பது இன்னொரு நிம்மதி.

பதிவின்போது வெட்டியதை மீட்க முடியாது என்பதும் உண்மைதான். மறுபடி செய்யவே முடியாத ஒரு நிகழ்வைப் பதிகிறீர்கள் என்றால், நேரலை உரை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், முழுத் திரையையும் பதிந்துவிடுங்கள். வெட்டுவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். மற்ற எல்லாவற்றுக்கும் முன்பே வெட்டுவதுதான் நல்லது.

சட்டகத்தின் அளவு

கண்ணுக்குப் பிடித்த இடத்தில் மவுஸை இழுத்து ஒரு செவ்வகம் வரைந்தால் போதாதா? பதிவு நடக்கும். ஆனால் 1143×811 என்ற மாதிரி ஓர் அளவு அமைந்துவிட்டால் வீடியோ எங்கே ஓடினாலும் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். பெரும்பாலான திரைகளும் வீடியோ தளங்களும் 16:9 விகிதத்தை எதிர்பார்க்கின்றன. அந்த விகிதத்தில் நினைவில் வைக்க எளிய அளவுகள் 960×540, 1280×720, 1600×900, 1920×1080. உங்கள் திரை 1920×1080 என்றால், அதற்குள் 1280×720 சட்டகம் ஒரு பாடத்துக்கு மிகச் சரியாக அமையும்.

அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்களாக இருக்க வேண்டும். இது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. வழக்கமான வீடியோ கோப்பு ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக நிறத்தைச் சேமிப்பதில்லை. இரண்டுக்கு இரண்டு என நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிறத் தகவல் என்ற கணக்கில் சேமிக்கிறது. வெளிச்சத்தின் வேறுபாட்டைப் பார்க்கும் அளவுக்கு நம் கண் நிறத்தின் வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்ப்பதில்லை என்பதால் இந்தச் சிக்கனம். ஒற்றைப்படை எண் கொடுத்தால் கடைசி வரிசைக்கு ஜோடி கிடைக்காது. சில மென்பொருள்கள் பிழை காட்டி நின்றுவிடும், சில சொல்லாமலே ஒரு வரிசையைக் குறைத்துக்கொள்ளும்.

அடுத்தது, சின்ன இடத்தை வெட்டிப் பெரிதாக்கும் ஆசை. 640×360 அளவில் வெட்டி அதை 1920×1080 ஆக நீட்டினால் அகலம் மூன்று மடங்கு, உயரம் மூன்று மடங்கு. ஒரு பிக்சலில் இருந்த தகவல் ஒன்பது பிக்சல்களை நிரப்ப வேண்டும். முகமோ நிலக்காட்சியோ என்றால் ஓரளவு தாங்கும். எழுத்து தாங்காது, விளிம்புகள் பஞ்சு போல ஊதிவிடும். பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால் பதிவுக்கு முன்பே பெரிதாக்குங்கள். உலாவியிலும் பல செயலிகளிலும் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்து பெரிதாகும். 150 விழுக்காட்டில் வைத்துப் பதிந்தால் ஒவ்வோர் எழுத்தும் கூர்மையாக வரும். இந்த ஒன்றைச் செய்தாலே உங்கள் வீடியோவின் தரம் கண்கூடாக உயரும்.

மேக் கணினியிலும் உயர் அடர்த்தித் திரைகளிலும் ஒரு குழப்பம் வரும். திரையில் 1280×720 என்று காட்டும் சட்டகம் கோப்பில் 2560×1440 ஆக வந்து நிற்கலாம். அந்தத் திரைகள் ஒரு புள்ளியைக் காட்ட இரண்டுக்கு இரண்டு பிக்சல்களைப் பயன்படுத்துவதுதான் காரணம். விண்டோஸில் திரை அளவிடல் 125 அல்லது 150 விழுக்காட்டில் இருந்தாலும் கண்ணால் பார்க்கும் அளவுக்கும் கோப்பின் அளவுக்கும் இதே மாதிரி இடைவெளி விழும். அதனால் பத்து நொடி பதிந்து, கோப்பின் விவரத்தில் அகலம், உயரம் என்ன என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பதிவுக்கு முன் திரையை ஒழுங்குபடுத்துதல்

சட்டகத்தின் அளவு முடிவானதும், காட்டப்போகும் சாளரத்தை அந்த அளவுக்குச் சுருக்கி ஒரே இடத்தில் நிறுத்துங்கள். உலாவி என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோமிலும் எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் புக்மார்க் வரிசை மறையும். மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். தேவையற்ற தாவல்களை மூடிவிடுங்கள், அவற்றின் தலைப்புகளே நம்மைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். அடிக்கடி பதிகிறவர் என்றால் பதிவுக்கென்று உலாவியில் தனிச் சுயவிவரம் ஒன்று வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தைத் தட்டியதும் நம் பழைய தேடல்கள் வரிசையாக விழுவது அதில் நடக்காது.

அறிவிப்புகளை நிறுத்துங்கள். விண்டோஸ் 11-இல் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பு, மேக்கில் 'ஃபோகஸ்'. விண்டோஸில் அறிவிப்பு வலது கீழ் மூலையிலும், மேக்கில் வலது மேல் மூலையிலும் தோன்றும். அந்த மூலை சட்டகத்துக்கு வெளியே இருந்தால் படத்தில் வராது, ஆனால் ஓசை வந்துவிடும்.

ஒரு முறை முழு ஒத்திகை பாருங்கள். நான் பலமுறை மாட்டிக்கொண்ட இடம் இதுதான்: 'சேமி' என்று அழுத்தியதும் திறக்கும் உரையாடல் பெட்டி சட்டகத்துக்குள் திறக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. திரையின் நடுவில் திறக்கும், அல்லது போன முறை எங்கே மூடினோமோ அங்கே திறக்கும். பதிவில் மவுஸ் சட்டகத்தை விட்டு வெளியேறி எங்கோ போய்த் திரும்பி வரும், பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஒத்திகையிலேயே அந்தப் பெட்டியைச் சட்டகத்துக்குள் இழுத்து வைத்து மூடுங்கள். பல செயலிகள் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

கணினியோடு வரும் கருவிகள்

விண்டோஸ் 11-இல் இருக்கும் 'ஸ்னிப்பிங் டூல்' முதலில் படம் பிடிக்க மட்டுமே இருந்தது. இப்போது வீடியோவும் பதிகிறது.

1. விண்டோஸ், ஷிஃப்ட், ஆர் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். திரை மங்கும்.
2. பதிய வேண்டிய பகுதியின் ஒரு மூலையில் அழுத்தி எதிர் மூலை வரை இழுங்கள். விட்ட பிறகும் ஓரப் பிடிகளை நகர்த்தி அளவைத் திருத்தலாம்.
3. மேலே தோன்றும் பட்டையில் ஒலிவாங்கி வேண்டுமா, கணினியின் ஒலி வேண்டுமா என்று தேர்ந்தெடுங்கள். குரல் பதிய மறந்துபோவது இந்த இடத்தில்தான்.
4. 'ஸ்டார்ட்' அழுத்தினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிவிட்டுப் பதிவு தொடங்கும். முடிந்ததும் நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள்.

கோப்பு எம்பி4 வடிவில் வீடியோக்கள் கோப்புறையில் இருக்கும். விண்டோஸ் 10-இல் உள்ள ஸ்னிப்பிங் டூல் வீடியோ பதியாது. அங்கே விண்டோஸ், ஜி விசைகளில் திறக்கும் 'கேம் பார்' இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது ஒரு செயலியின் சாளரத்தை முழுதாகப் பதியும், திரையில் ஒரு செவ்வகத்தைத் தேர்ந்தெடுக்க அதில் வழி இல்லை. டெஸ்க்டாப்பையும் கோப்புறைச் சாளரத்தையும்கூட அது பதியாது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் நேராக கீழே சொல்லும் ஓபிஎஸ்ஸுக்குப் போய்விடலாம்.

மேக்கில் ஷிஃப்ட், கமாண்ட், 5. 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து இது உண்டு. கீழே தோன்றும் பட்டையில், தேர்ந்தெடுத்த பகுதியைப் பதியும் பொத்தானைத் தொட்டால் புள்ளிக்கோட்டுச் சட்டகம் ஒன்று வரும். அதை இழுத்து அளவும் இடமும் மாற்றலாம். 'ஆப்ஷன்ஸ்' பட்டியலில் ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுப்பதும், 5 அல்லது 10 நொடி தாமதம் வைப்பதும், மவுஸ் சொடுக்குவதை வட்டமாகக் காட்டச் சொல்வதும் இருக்கின்றன. அந்தக் கடைசி வசதியைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். எங்கே சொடுக்கினீர்கள் என்பது பார்ப்பவருக்குச் சொல்லாமலே தெரியும். நிறுத்த, மேல்பட்டையில் வரும் சதுரப் பொத்தான், அல்லது கமாண்ட், கண்ட்ரோல், எஸ்கேப்.

லினக்ஸில் குனோம் மேசைச்சூழல் இருந்தால், 2022-இல் வந்த 42-ஆம் பதிப்பிலிருந்து பிரிண்ட் ஸ்கிரீன் விசை ஒன்றே போதும். வரும் பலகத்தில் கேமராப் படத்துக்குப் பக்கத்தில் உள்ள வீடியோப் படத்தைத் தேர்ந்தெடுத்து, செவ்வகம் வரைந்து, வட்டப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். ஒரே குறை, அது ஒலியைப் பதியாது.

ஓபிஎஸ் ஸ்டூடியோ

மேலே சொன்னவை ஒரு நாள் தேவைக்குப் போதும். தொடர்ந்து பாடங்கள் பதியப்போகிறீர்கள் என்றால் ஓபிஎஸ் ஸ்டூடியோவைக் கற்றுக்கொள்ளுங்கள். 2012-இல் தொடங்கிய திறமூல மென்பொருள், கட்டணம் இல்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் பார்வைக்குப் பொத்தான்கள் மிரட்டும். நமக்கு வேண்டியவை நாலைந்துதான்.

ஓபிஎஸ்ஸைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். நடுவில் தெரியும் கறுப்புப் பலகைக்குக் 'கேன்வாஸ்' என்று பெயர். அதற்குள் விழுவதெல்லாம் பதிவாகும், அதற்கு வெளியே நிற்பது எதுவும் பதிவாகாது. திரையை ஒரு பெரிய தாளாகவும் கேன்வாஸை அதன் மேல் வைத்த சட்டமாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். தாளை நகர்த்தி வேண்டிய இடத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் வெட்டும் வேலையே தேவைப்படாது. செய்முறை இப்படி:

1. 'செட்டிங்ஸ்' திறந்து 'வீடியோ' பகுதிக்குப் போங்கள். 'பேஸ் ரெசொல்யூஷன்', 'அவுட்புட் ரெசொல்யூஷன்' இரண்டிலும் 1280×720 என்று தட்டச்சு செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஓபிஎஸ் படத்தைச் சுருக்கவோ நீட்டவோ செய்யாது, எழுத்து கூர்மையாக வரும்.
2. கீழே, பதிய வேண்டியவற்றைச் சேர்க்கும் 'சோர்சஸ்' பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தி, முழுத் திரையையும் கொண்டுவரும் 'டிஸ்ப்ளே கேப்சர்' சேருங்கள். மேக்கில் 'ஸ்கிரீன் கேப்சர்' என்று இருக்கும். அங்கே முதல் முறை திரைப்பதிவுக்கு அனுமதி கேட்கும், கொடுத்தால்தான் படம் தெரியும்.
3. அந்த சோர்ஸைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஆர் அழுத்துங்கள். படம் தன் அசல் அளவுக்கு வரும். கேன்வாஸை விடப் பெரிதாக இருப்பதால் ஓரங்கள் வெளியே நிற்கும். அது நல்லதுதான்.
4. படத்தை மவுஸால் பிடித்து நகர்த்தி, வேண்டிய பகுதி கேன்வாஸுக்குள் வரும்படி வையுங்கள். ஓரப் பிடிகளை இழுக்காதீர்கள், இழுத்தால் அளவு மாறிவிடும்.
5. இடம் அமைந்ததும் சோர்ஸஸ் வரிசையில் உள்ள பூட்டுப் படத்தை அழுத்திப் பூட்டிவிடுங்கள். பாதிப் பதிவில் கை தவறி நகர்த்துவதிலிருந்து அது காப்பாற்றும்.

நிஜமாகவே வெட்ட வேண்டிய தேவையும் வரும். திரையின் ஒரு துண்டு ஒரு பக்கம், கேமராவில் உங்கள் முகம் இன்னொரு பக்கம் என்று வைக்கும்போது இது வேண்டும். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு, மேக்கில் என்றால் ஆப்ஷன் விசை, தேர்ந்தெடுத்த சோர்ஸைச் சுற்றித் தெரியும் சிவப்புக் கோட்டின் நடுப் பிடியை உள்ளே தள்ளுங்கள். படம் சுருங்காமல் அந்த ஓரம் மட்டும் மறையும். வெட்டிய பக்கத்தின் கோடு பச்சையாக மாறுவதை வைத்து எந்தெந்தப் பக்கம் வெட்டியிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம். இதுதான் ஓபிஎஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி.

கணக்காக வெட்ட வேண்டுமானால் கண்ட்ரோல், இ அழுத்துங்கள். வரும் பெட்டியில் இடம், வலம், மேல், கீழ் என நான்கு ஓரங்களிலிருந்தும் எத்தனை பிக்சல் வெட்டுவது என்று எண் கொடுக்கலாம். 1920×1080 திரையில் இடமிருந்து 400, மேலிருந்து 200 தள்ளி 1280×720 சட்டகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடம் 400, மேல் 200. வலம்: 1920-இலிருந்து 400-ஐயும் 1280-ஐயும் கழித்தால் 240. கீழ்: 1080-இலிருந்து 200-ஐயும் 720-ஐயும் கழித்தால் 160. இந்த நான்கு எண்களையும் ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் பதியும் பாடமும் இதே சட்டகத்தில் வரும்.

மூன்றாவதாக 'கிராப்/பேட்' என்ற ஃபில்டர் உண்டு. சோர்ஸின் மேல் வலச்சொடுக்கி 'ஃபில்டர்ஸ்' திறந்தால் கிடைக்கும். ஓபிஎஸ்ஸில் சோர்ஸ்களை அடுக்கிவைக்கும் ஒவ்வோர் அமைப்புக்கும் 'சீன்', அதாவது காட்சி, என்று பெயர். ஆல்ட் இழுவையில் வெட்டுவது அந்த ஒரு காட்சிக்கு மட்டும் பொருந்தும். ஃபில்டரில் வெட்டினால் அதே சோர்ஸை எத்தனை காட்சிகளில் வைத்திருந்தாலும் அத்தனையிலும் வெட்டப்பட்டே வரும். ஒரே காட்சியோடு வேலை செய்யும்வரை இது உங்களுக்குத் தேவைப்படாது.

பதியும் கோப்பு வடிவத்தைப் பற்றி ஒரு சொல். ஒருமுறை முக்கால் மணி நேரப் பாடத்தைப் பதிந்து முடிக்கும் நேரத்தில் மின்சாரம் போய், மொத்தக் கோப்பும் திறக்க முடியாமல் போனது. மறுநாள் அதே பாடத்தை உற்சாகம் வடிந்த குரலில் திரும்பச் சொன்னேன். சாதாரண எம்பி4 கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதி முடிக்கும். அதற்குள் கணினி நின்றால் உள்ளே இருக்கும் படம் அனைத்தும் வழி தெரியாமல் சிக்கிக்கொள்ளும். எம்கேவி வடிவம் அப்படி இல்லை, நின்ற இடம் வரை பிழைக்கும். எம்கேவியில் பதிந்து, பிறகு 'ஃபைல்' பட்டியலில் உள்ள 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' மூலம் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். தரம் ஒரு துளியும் குறையாது.

இன்னொன்று: ஓபிஎஸ் சாளரமே பதியும் பகுதிக்குள் இருந்தால், கண்ணாடிக்கு எதிரே கண்ணாடி வைத்த மாதிரி படத்துக்குள் படமாக முடிவில்லாத சுரங்கம் ஒன்று தெரியும். பழுது ஒன்றும் இல்லை. ஓபிஎஸ்ஸைச் சுருக்கி வைத்துவிட்டு, 'ஹாட்கீஸ்' பகுதியில் பதிவைத் தொடங்கவும் நிறுத்தவும் விசைகளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

செவ்வகமா, சாளரமா?

பகுதியைத் தேர்ந்தெடுக்காமல் ஒரு செயலியின் சாளரத்தை மட்டும் பதியச் சொல்லும் வழியும் ஓபிஎஸ்ஸில் உண்டு, 'விண்டோ கேப்சர்'. சாளரத்தை எங்கே நகர்த்தினாலும் பதிவு அதைத் தொடரும், மேலே வேறொரு சாளரம் வந்து மறைத்தாலும் அது பதிவில் வராது. அந்தரங்கத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

ஆனால் கற்பிக்கும் வீடியோவுக்கு இதில் ஒரு பெரிய குறை. கீழிறங்கும் பட்டியல்களும் வலச்சொடுக்குப் பட்டியல்களும் பல செயலிகளில் கணினியின் கணக்கில் தனிச் சாளரங்கள். உங்கள் கண்ணுக்குப் பட்டியல் விரிகிறது, மவுஸ் அதில் இறங்குகிறது. பதிவிலோ வெறும் இடத்தில் மவுஸ் ஊர்கிறது. ஆகவே எந்தப் பட்டியலில் எதை அழுத்துவது என்று சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்குச் செவ்வகப் பதிவுதான் சரி. பட்டியல்களே இல்லாத விளக்கத்துக்குச் சாளரப் பதிவு.

சாளரம் வெறும் கறுப்பாகத் தெரிந்தால் விண்டோஸில் இரண்டு காரணங்களைப் பாருங்கள். 'விண்டோ கேப்சர்' அமைப்பில் பிடிக்கும் முறை 'பிட்பிளிட்' என்று இருந்தால், அதை 'விண்டோஸ் 10' என்று தொடங்கும் முறைக்கு மாற்றுங்கள். உலாவி போல வரைகலைச் சில்லின் துணையோடு படம் வரையும் செயலிகளைப் பழைய முறையால் பார்க்க முடியாது. இன்னொரு காரணம், சாளரத்தைச் சிறிதாக்கிப் பணிப்பட்டையில் போட்டிருப்பீர்கள். கட்டணத் திரைப்படத் தளங்கள் கறுப்பாக வருவது மட்டும் கோளாறு இல்லை, அது அவர்கள் வேண்டுமென்றே போட்ட பூட்டு.

பதிந்து முடித்த வீடியோவை வெட்டுதல்

முழுத் திரையும் பதிவான கோப்பு கையில் இருக்கிறது, ஓரங்களை நீக்க வேண்டும். எடிட்டிங் மென்பொருள் பழக நேரமில்லாதவருக்கு வீடியோ கோப்புகளை மாற்றித் தரும் 'ஹேண்ட்பிரேக்' போதும். இதுவும் இலவசம்தான். வீடியோவை அதில் திறந்து, 'டைமென்ஷன்ஸ்' தாவலில் 'கிராப்பிங்' என்பதை 'கஸ்டம்' ஆக்கி, நான்கு ஓரங்களுக்கும் எண் கொடுங்கள். மேலே போட்ட கழித்தல் கணக்கே இங்கும். முன்னோட்டத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். 'ஆட்டோமேட்டிக்' என்றே விட்டால் கறுப்பு ஓரங்களைத் தானே தேடி வெட்டும், கறுப்புப் பின்னணியில் பதிந்தவர்கள் அதை நம்ப வேண்டாம். தர எண் என்று ஓர் அளவுகோல் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். எழுத்து நிறைந்த வீடியோவுக்கு அதைச் சற்றுக் குறைத்து வைப்பதே நல்லது.

எடிட்டிங் மென்பொருள்களில் ஷாட்கட் பழகியவர்கள் 'கிராப்: சோர்ஸ்' ஃபில்டரையும், கேடென்லைவ் பழகியவர்கள் 'எட்ஜ் கிராப்' விளைவையும் எடுத்துக்கொள்ளலாம். இவற்றில் வெட்டினால் மட்டும் போதாது, திட்டத்தின் அளவையும் வெட்டிய அளவுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய இடம் கறுப்பாக நிற்கும்.

செங்குத்து வீடியோவுக்காக வெட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1080 பிக்சல் உயரத்தில் 9:16 சட்டகம் எடுத்தால் அகலம் 607.5 வரும். அரைப் பிக்சல் கிடையாது, ஒற்றைப்படையும் ஆகாது. 608 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920 அகலமுள்ள திரையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் விரிதாளை இப்படி வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது. செங்குத்து வீடியோ வேண்டுமானால் சாளரத்தையே ஒடுக்கி வைத்துப் பதியுங்கள்.

இனிச் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். வெட்டியது போலத் தெரிவது எல்லாம் வெட்டப்பட்டது இல்லை. வீடியோ ஓட்டும் செயலியான விஎல்சியில் சி விசையைத் தட்டினால் ஓரங்கள் மறையும். அது உங்கள் திரையில் காட்டும் விதம் மட்டுமே, கோப்பில் எதுவும் மாறியிருக்காது. அதே கோப்பை அனுப்பினால் பெறுபவர் முழுத் திரையையும் பார்ப்பார்.

சில கருவிகள் தரம் குறையாமல் நொடியில் வெட்டித் தருவதாகச் சொல்லும். அவற்றில் பல, 'இந்த ஓரத்தைக் காட்டாதே' என்ற குறிப்பை மட்டும் கோப்பில் எழுதுகின்றன. அப்படி ஒரு குறிப்புக்கு வீடியோ வடிவத்திலேயே இடம் இருக்கிறது. வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் எச்.264 முறை, படத்தைப் பதினாறுக்குப் பதினாறு பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. 1080 பதினாறால் மீதியின்றி வகுபடாது. அதனால் உள்ளே 1088 வரிசைகளைச் சேமித்து, கடைசி எட்டை மறைக்கும்படி வீடியோவை ஓட்டும் செயலிக்குச் சொல்கிறது. அதே குறிப்பில் எட்டுக்குப் பதிலாக எண்ணூறு என்று எழுதினாலும் மறையும். மறைந்த படம் கோப்புக்குள் அப்படியே இருக்கும், குறிப்பை நீக்கத் தெரிந்தவர் மீட்டுவிடுவார்.

நிழற்படங்களில் இதைப் போன்ற ஒன்று நடந்தேவிட்டது. 2023 மார்ச்சில், கூகுள் பிக்சல் கைப்பேசியின் படம் திருத்தும் கருவியிலும் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் வெட்டிச் சேமித்த படங்களில் வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் தங்கியிருந்தது வெளியே தெரிந்தது. இரண்டையும் திருத்திவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் பகிர்ந்த படங்களை யாராலும் திரும்பப் பெற முடியாது. கடவுச்சொல், வங்கி விவரம், பிறருடைய பெயர் ஆகியவை ஓரத்தில் பதிந்திருந்தால், வீடியோவை முழுதாக மறுபடி குறியாக்கம் செய்யும் ஹேண்ட்பிரேக் போன்ற கருவியிலேயே வெட்டுங்கள். இன்னும் நல்லது, மறுபடி பதிவது.

கைப்பேசியில்

ஐஃபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கட்டுப்பாட்டு மையத்தில் திரைப்பதிவுப் பொத்தான் உண்டு. முழுத் திரையைத்தான் பதியும். பிறகு போட்டோஸ் செயலியில் 'எடிட்' தொட்டு, வெட்டுவதற்கான சின்னத்தைத் தேர்ந்தெடுத்து ஓரங்களை உள்ளே இழுக்கலாம். வீடியோவை இப்படி வெட்டும் வசதி 2019-இல் ஐஓஎஸ் 13-உடன் வந்தது. வெட்டியதை எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றலாம், அதாவது அசல் உங்கள் கைப்பேசியில் பத்திரமாக இருக்கிறது. கைப்பேசியையே ஒருவர் கையில் கொடுக்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் மேலிருந்து இழுக்கும் விரைவுப் பலகத்தில் திரைப்பதிவு இருக்கும். புதிய பதிப்புகளில் முழுத் திரையா, ஒரே ஒரு செயலியா என்று கேட்கும். செயலியைத் தேர்ந்தெடுத்தால் நடுவில் வரும் அறிவிப்புகள் பதிவில் விழாது. வெட்டுவதற்கு கூகுள் போட்டோஸ் போதும், வெட்டியதைத் தனி நகலாகச் சேமிக்கும்.

கைப்பேசித் திரையில் நேரமும் மின்கல அளவும் காட்டும் மேல்பட்டையை வெட்டிவிட்டாலே வீடியோ சுத்தமாகிவிடும். அதற்குமேல் வெட்டினால் பார்ப்பவருக்குத் தான் எந்தத் திரையில் இருக்கிறோம் என்ற பிடி போய்விடும்.

கணினியில் பதிந்தாலும் கைப்பேசியில் பதிந்தாலும், அனுப்புவதற்கு முன் கோப்பை இன்னொரு கைப்பேசிக்கு மாற்றி, கையை நீட்டிப் பிடித்து, ஒலியை நிறுத்திவிட்டு முதல் ஒரு நிமிடத்தைப் பாருங்கள். நீங்கள் அழுத்தும் பொத்தானின் பெயர் படிக்க வருகிறதா? வரவில்லை என்றால் சட்டகத்தைக் குறுக்க வேண்டாம், சாளரத்துக்குள் எழுத்தைப் பெரிதாக்கி அந்தப் பகுதியை மறுபடி பதியுங்கள்.